நூற்றுப் பன்னிரண்டாம் தாள்

இது நடந்தது. நம்பாதவர்கள் என் எதிரே வந்து சொல்லட்டும். எண்பத்தொரு வயதில் பொய் சொல்லிப் பிழைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இருந்ததில்லை.

என் தம்பி முப்பத்து நான்கு ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். அவன் இறந்து ஆறு வருடம் கழித்து, அவனுடைய பெரிய ஆய்வின் அளவீடுகள் வெறும் கற்பனை என்று துறைத்தலைவர் அறிக்கை எழுதினார். எங்கள் வீட்டில் கை நனைத்தவர். என்னை "அண்ணே" என்று கூப்பிட்டவர். ஆய்வுக்கூட வாசலில் இருக்கும் தம்பியின் பெயர்ப்பலகையைத் திங்கட்கிழமை கழற்றப் போகிறார்களாம். மூல அளவீடுகள் இருந்தால் அதற்குள் காட்டலாமாம்.

காட்டத்தான் போனேன். வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.50. தம்பியின் காகிதங்கள் பல்கலைக்கழகக் காப்பகத்தில் பதினேழு பெட்டிகளில் இருந்தன. படிக்கும் அறையில் பென்சிலுக்கு மட்டுமே அனுமதி. என் பேனாவைப் பொறுப்பாளர் அம்மாள் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்.

தம்பி தன் குறிப்பேட்டில் எதையும் அழிக்கமாட்டான், கிழிக்கமாட்டான். தாளுக்கு ஓர் எண் போடுவான். தவறாக எழுதியதன்மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான எண், கீழே சின்னக் கையெழுத்து. "நம்ம தப்பும் தெரியணும், அண்ணா" என்பான்.

ஒன்பதாம் பெட்டி. அந்த ஆய்வின் குறிப்பேடு. 111ஆம் தாள் இருந்தது. அடுத்தது 113, வெற்றுத்தாள். நடுவில் பிளேடால் வெட்டிய விளிம்பு.

பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்தப் பெட்டியை எனக்கு முன் திறந்தவர் ஒரே ஒருவர். துறைத்தலைவர்.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டே சொன்னேன்:

"இவன நீயே பாத்துக்கடா, தம்பி."

3.20.

சர்... சர்... சர்...

காகிதத்தில் பேனா ஓடும் சத்தம்.

திரும்பினேன். யாருமில்லை.

113ஆம் தாளில் ஒரு வரி இருந்தது. "3.20 – 37.0". தம்பியின் கையெழுத்து. கறுநீல மை. விரலால் தொட்டேன்... ஈரம்.

3.30 – 37.0.

3.40 – 36.9.

சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்தேன். 24. அப்படியானால் இது எதன் வெப்பம்?

3.50 – 36.8.

பொறுப்பாளர் அம்மாள் வந்தார். என் விரலில் மை.

"ஐயா, உள்ள பேனா கூடாதுன்னு சொன்னேனே."

"என் பேனா உங்க மேஜையிலதாம்மா இருக்கு."

அவர் தாளைப் பார்த்தார். 4.00 மணிக்குப் பெட்டியைப் பூட்டினார்.

அன்று ஐந்து மணிக்கு, துறைத்தலைவர் தன் அறை நாற்காலியில் இறந்து கிடந்ததைக் காவலாளி பார்த்தார். மாரடைப்பு. உயிர் போனது 3.20 வாக்கில் என்றார்கள். மேஜைமேல் 112ஆம் தாள். முழு அளவீடுகளும் அதில் இருந்தன.

பெயர்ப்பலகை அங்கேயே இருக்கிறது. இரங்கல் கூட்டத்துக்கு என்னை அழைத்தார்கள். போகவில்லை.

திங்கட்கிழமை அம்மாளும் நானும் பெட்டியைத் திறந்தோம். பூட்டிய பெட்டிக்குள் வரிகள் வளர்ந்திருந்தன. கடைசி வரி 5.10. அதில் 35.8. அதன்மேல் ஒற்றைக் கோடு. பக்கத்தில் 35.6. கீழே சின்னக் கையெழுத்து.

ஒரு மாதம் கழித்து, அன்று துறைத்தலைவரின் உடலைப் பார்த்த பல்கலைக்கழக மருத்துவர் என்னிடம் வந்தார். அந்தக் குறிப்பேட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தானாகவே சொன்னார்.

"5.10க்கு உடம்போட சூட்டப் பாத்தேன். 35.8னு எழுதிட்டேன். பின்னாலேருந்து யாரோ 'சரியாப் பாருங்க'ன்னாங்க. மறுபடி பாத்தேன்... 35.6. ரூம்ல வேற யாருமே இல்லீங்க."