எண்பத்துநான்குக்குள்

நகரத்திலிருந்து தெற்கே, கடலோரத்துச் செம்பாறை மேட்டில் ஹோட்டல்காரர்கள் ஒரு கோல்ஃப் மைதானம் போட்டார்கள். நான் அங்கே கேடியாகச் சேர்ந்தேன். விளையாட வருகிறவரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடக்க வேண்டும், கேட்கும் ஸ்டிக்கை எடுத்துக் கொடுக்க வேண்டும், பந்து எங்கே போய் விழுந்தது என்று கண்ணால் பிடித்து வைக்க வேண்டும். மூன்று வருடம் அதைச் செய்தேன். அதற்கு முன்பு எந்த வேலையிலும் இரண்டு மழைக்காலத்தைச் சேர்ந்தாற்போல் பார்த்தவன் இல்லை.

பிறந்தது பொன்முடியில், எஸ்டேட் லயத்தில். வித்துராவில் எட்டாம் வகுப்புவரை படித்தேன். ஒரு மழையில் ரோடு இடிந்து ஒன்றரை மாதம் பஸ் ஏறி வரவில்லை. வந்தபோது நான் கல்லாற்றில் ஒரு கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். யாரும் வந்து கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. பிறகு லாரியில் கிளீனர், கொல்லத்தில் முந்திரி ஆலை, திருப்பூரில் சாயப்பட்டறை, கோவளத்தில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டு. எங்கிருந்தும் சண்டை போட்டுக் கிளம்பியதில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் அங்கே இருக்க முடியாது, அவ்வளவுதான். சாயப்பட்டறையில் வலது கையில் இரண்டு நகம் போயிற்று. ஸ்டிக் பிடிக்க அதனால் இடைஞ்சல் இல்லை.

மைதானத்தில் ஒன்பது குழிகள். அதையே இரண்டு சுற்று ஆடினால் ஒரு முழு ஆட்டம். பந்தைக் குழியில் விழவைக்க எத்தனை அடி அடித்தோம் என்பதுதான் கணக்கு, குறைவாக அடித்தவன் ஜெயித்தவன். இதைக் கேட்டால் எளிதாகத் தோன்றும். ஆனால் அந்த இடத்தை வரைந்தவர் மனுஷர்கள் மேல் ஏதோ கோபத்தில் இருந்திருக்க வேண்டும். மூன்றாவது குழிக்கு ஒரு பாறை முனையில் நின்று இன்னொரு பாறை முனைக்கு அடிக்க வேண்டும், நடுவில் வெறும் காற்று, கீழே அலை. ஆறாவதில் புல்தரை கடல் பக்கமாகச் சரிந்திருக்கும், நல்ல அடிகூட மெதுவாக உருண்டு போய் விளிம்பில் மறையும். விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். பத்து மணி தாண்டினால் திரும்பிவிடும். அப்போது ஏழாம் நம்பர் ஸ்டிக் கேட்கிறவருக்கு நான் இன்னும் தூரம் அடிக்கிற ஐந்தாம் நம்பரை நீட்டுவேன். முறைப்பார்கள். அடித்த பிறகு முறைப்பு நின்றுவிடும்.

திங்கட்கிழமை விருந்தாளிகளுக்கு மைதானம் கிடையாது. அன்று காலை, புல் வெட்டும் வண்டி வரும்வரை கேடிகள் ஆடிக்கொள்ளலாம். எல்லாக் கோல்ஃப் மைதானத்திலும் ஏறக்குறைய இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று சொல்வார்கள். பழைய ஸ்டிக்குகள், வெட்டுப்பட்ட பந்துகள், யாரோ கழற்றிப் போட்ட ஷூக்கள். நான் ஆடக் கற்றது அந்தத் திங்கட்கிழமைகளில்தான். மற்றவர்கள் அடித்துவிட்டு நின்று பார்ப்பார்கள். நான் பந்து கீழே இறங்குவதற்குள் நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

மூன்றாவது வருடம் மே மாதத்தில், மைதானப் பயிற்சியாளருக்கு ஓர் உதவியாள் வேண்டும் என்று பேச்சு வந்தது. நிரந்தர வேலை, ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறை. மேனேஜர் நகரத்துக் கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரத்துக்காரர், முன்பு பாங்கில் இருந்தவர், தானும் ஆடுகிறவர். நான் அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். ஒரு வேலையை வாய் திறந்து கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"நீயா? நீ எத்தனை நாள் இருப்பே?"

"இருப்பேன் சார்."

"ஆறு மாசம் முன்னாடி மங்களூர் போறேன்னு பையைத் தூக்கிண்டு நின்னயே, அது யாராக்கும்?"

"போகலையே சார்."

"டிரெயின் லேட்டு. அதனாலே போகலை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, ஒண்ணு பண்ணுவோம். திங்கட்கிழமை ரெண்டு சுற்று. நான் கூட நடப்பேன், கார்டு நான் எழுதுவேன். எண்பத்துநாலுக்குள்ளே முடிச்சா வேலை நோக்கு. எண்பத்தஞ்சுன்னா, பேசப்படாது."

அதுவரை நான் ஆடியதில் நல்ல ஆட்டம் எண்பத்தாறு.

அன்று என் பையைத் தூக்க வந்தவர் நாஞ்சில் நாட்டுக்காரர், எங்கள் எல்லோரிலும் பழைய கேடி. நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ஒரு கேடிக்கு இன்னொரு கேடி பை தூக்குவதில் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"லேய், எனக்கு டிப்ஸ் உண்டாலே?"

"வேலை கெடைக்கட்டும் அண்ணாச்சி."

"அப்பம் கெடையாதுன்னு சொல்லு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு சொல்லுதேன் கேளு. ஒன் காலப் பாத்துக்கோ. அந்த வலது காலு."

அவர் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். கேடிகளின் கால்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விருந்தாளியின் பந்து கல்லுக்குப் பின்னாலோ குழிவிலோ கிடந்தால், நாங்கள் முன்னால் ஓடிப்போய்க் கடலைப் பார்த்தபடி நிற்போம். கடலைப் பார்க்கிற நேரத்தில் கட்டை விரல் பந்தை ஒரு சாண் நகர்த்திவிடும். யாரும் சொல்லிச் செய்வதில்லை, ஆடுகிறவருக்கும் தெரியாது, தெரிந்தாலும் தெரியாது. மூன்று வருடத்தில் என் கால் அதைத் தானாகவே செய்யப் பழகியிருந்தது. பரீட்சையில் அப்படிச் செய்தால் மேனேஜர் கார்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்.

ஆகவே அன்று முழுக்க நான் என் காலைக் காவல் காத்தேன். பந்து கிடக்கும் இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி நின்றேன். ஆறாவது குழியில் பந்து ஒரு கல்லுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. கால் போகப் பார்த்தது. நான் அண்ணாச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னல, தலை சுத்துதா?" என்றார் அவர், எல்லாம் தெரிந்தே.

முதல் சுற்று நாற்பத்தொன்று. அந்த நாளில் அது எனக்கு மிக நல்ல எண்ணிக்கை. ஒன்பதாவது குழியில் ஐந்து அடி எடுத்திருந்தேன். அந்தக் குழிக்குப் போகும் வழியில் கடல் கரைக்குள்ளே வாயைப் பிளந்திருக்கும். அந்த வாயைச் சுற்றிக்கொண்டு போனால் ஐந்து நிச்சயம். குறுக்கே தாண்டினால் நான்கு கிடைக்கலாம், பந்து கடலுக்கும் போகலாம். நான் சுற்றிக்கொண்டுதான் போயிருந்தேன். மேனேஜர் குடைக்கு அடியில் கார்டில் எழுதிக்கொண்டு, "பதுக்கெ நடடா, ஓடாதே, நானும் வரணுமோ வேண்டாமோ" என்றார்.

இரண்டாவது சுற்றில் காற்று திரும்பிவிட்டது. மூன்றாவதில் பாறை முனையைத் தாண்டிப் பந்து விழுந்த சத்தம் கேட்கும்வரை நான் மூச்சு விடவில்லை. ஐந்தாவதில் தூரத்திலிருந்து தட்டிய ஒரு பந்து தானாகவே போய்க் குழியில் விழுந்தது, அது என் திறமையில்லை. ஏழு குழிகள் முடிந்தபோது மொத்தம் எழுபத்துநான்கு. இரண்டு குழிகள் பாக்கி, பத்து அடிகள் மிச்சம். ஐந்தும் ஐந்தும் போதும். சுற்றிக்கொண்டு போனால் போதும்.

எனக்குள் ஒரு பரபரப்பு. மங்களூருக்குக் கிளம்பிய காலையில் இருந்த அதே பரபரப்பு என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் இந்தத் தடவை அது இந்த இடத்தை நோக்கி இழுத்தது. அறையில் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

எட்டாவது குழியில் மூன்று அடியில் கிரீனுக்கு வந்துவிட்டேன். கிரீன் என்பது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்வட்டம். நான்காவது அடியில் பந்து மெல்ல உருண்டு, குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழும்.

இங்கே இன்னொரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். விருந்தாளிகள் தங்களுக்குள் ஆடும்போது, இவ்வளவு பக்கத்தில் வந்த பந்தை யாரும் அடித்து முடிப்பதில்லை. "போதும், எடுத்துடு" என்பார் எதிராளி. கேடி போய்க் குனிந்து பந்தை எடுத்து, துண்டில் துடைத்து, முதலாளியின் கையில் கொடுப்பான். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை. மூன்று வருடம்.

நான் நடந்தேன். குனிந்தேன். எடுத்தேன். பெல்ட்டில் செருகியிருந்த துண்டை உருவித் துடைத்தேன். துடைத்துவிட்டு, கொடுக்க ஆளைத் தேடித் திரும்பினேன்.

அண்ணாச்சி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"சவத்தெளவே," என்றார், கையை எடுக்காமலே. "லேய், அது ஒன் பந்துலே!"

மேனேஜருக்கும் முதலில் புரியவில்லை. எத்தனையோ தடவை நான் அவருடைய பந்தை அப்படித்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் கையை நீட்டிக்கூட விட்டார். பிறகு நீட்டிய கையைப் பார்த்தார்.

"எங்கேருந்து எடுத்தே?"

நான் காட்டினேன்.

"அங்கேயே வை. ஒரு அடி பெனால்டி. அதாக்கும் ரூல்." குரலில் கோபமில்லை, சிரிப்பை அடக்கிய குரல். "யாருக்குடா கொடுக்கப் போனே?"

"உங்களுக்குத்தான் சார்."

அதற்குமேல் மேனேஜரால் முடியவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அண்ணாச்சி பையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தே விட்டார். "நாள் பூரா காலக் காவல் காத்தானே சார்! கையி போயிட்டு!" நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பந்தை வைத்துத் தட்டினேன், விழுந்தது. ஐந்தாக வேண்டியது ஆறு. மொத்தம் எண்பது.

கடைசிக் குழி. இப்போது ஐந்து போதாது, நான்கு வேண்டும். சுற்றிக்கொண்டு போகும் வழி அந்தக் குனிவோடு முடிந்து போயிருந்தது.

முதல் அடி நன்றாகப் போய் விளிம்புக்குப் பக்கத்தில் நின்றது. எதிரே கடலின் வாய், அந்தப் பக்கம் கொடி. காற்று கடலிலிருந்து பலமாக வீசியது. அண்ணாச்சி சிரிப்பதை விட்டுவிட்டார்.

"கொடியப் பாத்து அடிச்சா காத்து ரோட்டுக்குக் கொண்டு போட்டுரும்," என்றார். "கடலப் பாத்து அடி. அது திருப்பிக் கொண்டு வரும்."

"வரலைன்னா?"

"வரலன்னா நீ மங்களூருக்குப் போ."

கடலைப் பார்த்து நின்றேன். வேலைக்காகக் காத்திருக்கிறவன் பந்தை வேண்டுமென்றே தண்ணீரின் மேல் அடிப்பது எப்படியிருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. அடித்தேன். பந்து இடது பக்கம் நேராக நீலத்துக்குள் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. பிறகு உச்சியில், யாரோ தோளைத் தொட்டுக் கூப்பிட்டாற்போல், கரைப் பக்கம் திரும்பிற்று. நான் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தேன். அந்த மைதானத்தில் நான் பார்த்த மிக நல்ல அடிகளில் அதையும் சேர்ப்பேன், அடித்தவன் நானாக இருந்தாலும்.

கிரீனைத் தாண்டிப் பின்னால் இருந்த மணல் குழியில் கிடந்தது. மூன்றாவது அடியில் மணலிலிருந்து வெளியே எடுத்தேன், கொடிக்கு நான்கு முழம். இது விழுந்தால் எண்பத்துநான்கு.

குந்தி உட்கார்ந்து பார்த்தேன். அந்த இடத்தில் மற்றவர்களுக்கு நூறு தடவை வழி சொல்லியிருக்கிறேன், இரண்டு விரல் இடது பக்கம், மெதுவாக. எனக்கு நானே அதையே சொன்னேன். பந்து போயிற்று, குழியின் உதட்டைத் தொட்டுப் பாதி சுற்றி, வெளியே நின்றுகொண்டது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தோம். காற்று ஏதாவது செய்யுமா என்று பார்த்தோமோ என்னவோ. பிறகு நான் போய்த் தட்டி உள்ளே தள்ளினேன்.

மேனேஜர் கூட்டிப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை, ஆனாலும் பாங்க் பழக்கம், இரண்டு தடவை கூட்டினார். கார்டை என்னிடம் நீட்டினார். எண்பத்தைந்து.

"பேசப்படாதுன்னேன்," என்றார்.

"பேசலை சார்."

"மழைக்கு முன்னாடி யாரையும் வைக்கப் போறதில்லை. ஐப்பசியிலே மறுபடி ஆடு. அதுவரைக்கும் இருப்பயா?"

தோற்றது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. தோற்று வேறு ஊருக்குப் போவது எனக்குத் தெரிந்த வேலை. ஐப்பசிவரை என்பதுதான் நெஞ்சில் இடித்தது. ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கினால் மைதானத்தை மூடிவிடுவார்கள், கேடிகளுக்கு வேலை கிடையாது; முந்தின மழைகளில் நான் வேறு ஊர் போய்விட்டுத்தான் திரும்பியிருந்தேன். நாலைந்து மாதம் ஒரே ஊரில், ஒரு பரீட்சைக்காக.

"இருப்பேன் சார்," என்றேன். போன தடவை சொன்ன அதே வார்த்தை. இந்தத் தடவை அதைக் கேட்க எனக்கே பயமாக இருந்தது.

இப்போது ஆடி மாதம். மைதானத்தில் ஓடை வெட்டும் ஆட்களோடு மண்வெட்டி பிடிக்கிறேன், செம்மண் கரைந்து ஆறாக ஓடுகிறது, கடல் தெரிவதில்லை, சத்தம் மட்டும் கேட்கிறது. இரண்டு தடவை பையைக் கட்டினேன். ஒரு தடவை நகரத்தில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுவரை போய், மங்களூர் பலகையைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். அது ஏன் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. மழை விட்ட மாலைகளில் எட்டாவது கிரீனுக்குப் போய், ஒரு சாண் தூரத்தில் பந்தை வைத்துத் தட்டுகிறேன், எடுக்கிறேன், மறுபடி வைக்கிறேன். அண்ணாச்சி ஊரிலிருந்து ஃபோன் செய்து, "கையி எப்பிடிலே இருக்கு?" என்று கேட்கிறார்.

போன வாரம் மேனேஜர் குடை பிடித்துக்கொண்டு அங்கே வந்தார். நான் தட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நன்னா வந்துடுத்து," என்றார். "கேட்டயா, நாலு மாசம் பழகறயே, எண்பத்துநாலு ரொம்ப லேசாப் போயிடும். எண்பத்திரண்டு வச்சுக்கலாம்."

அவர் போனபின் பந்தை இரண்டு சாண் தூரத்தில் வைத்தேன்.