காட்டரசருக்குக் குரல் கொடுத்தவர்

கடைகளில் உள்ள தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவருடைய உத்தியோகம். இருபத்திரண்டு வருடம் அதே வேலை பார்த்ததில் உத்தியோகமே பெயராகி, கடைத்தெரு முழுக்க அவர் ‘தராசு’ ஆனார். சீட்டாட்டம் கிடையாது. குடி கிடையாது. அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதிதான். தன் மனைவி வேறு யாரைப் பார்த்துச் சிரித்தாலும் அவருக்கு வயிறு எரியும். அவள் வரவேற்பில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் பல் டாக்டர், பால்காரர், டிவியில் வானிலை சொல்கிறவர் என்று யாருக்கும் விலக்கில்லை. இதைச் சந்தேகம் என்றால் ஒத்துக்கொள்ளமாட்டார். “சந்தேகம்னா இல்லாததைப் பார்க்கிறது. நான் இருக்கான்னுதான் பார்க்கிறேன்” என்பார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் விளையாடப் போனதே காவலுக்குத்தான். மனைவியின் தம்பி, வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன், ஒருநாள் வந்து ஆரம்பித்துவைத்தான்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் சும்மாதானே இருக்கே? கண்ணாடிக்கடை மாடியில ஒரு விளையாட்டு நடக்குது. வாயேன்.”

கண்ணாடிக்கடைக்காரர் கல்யாணம் ஆகாதவர். அதோடு தலை நிறைய முடி. தராசு உடனே செருப்பை மாட்டிக்கொண்டார்.

மாடியில் ஒரு வட்ட மேஜை. சுவரில் கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டை. விளையாட்டை நடத்துகிறவர் பொது நூலகத்தில் புத்தகம் அடுக்கும் அம்மாள். தேவதைக் கதையில் வருகிற மாதிரி ஓர் அரசவை இருக்கிறதாம். ஆளுக்கொரு பாத்திரம், அந்தப் பாத்திரமாகவே பேச வேண்டும். ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்று வந்தால் பகடையை உருட்டிப் பார்க்க வேண்டும்; பெரிய எண் விழுந்தால் பாத்திரத்துக்கு நல்லது நடக்கும். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. முன்பெல்லாம் அவரவர் பாத்திரத்தை அவரவரே எழுதிக்கொண்டார்களாம். வந்தவர்கள் அத்தனை பேரும் ராஜாவாகவே வந்தார்கள். சிம்மாசனத்தில் யார் முதலில் உட்காருவது என்பதிலேயே பொழுது போய், குடிமகன் என்று ஒருத்தன்கூட இல்லாமல் ராஜ்யம் கலைந்தது. அதிலிருந்து அம்மாள் ஒரு சட்டம் போட்டுவிட்டார். உன் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் நீ எழுத வேண்டும்.

தராசு மனைவிக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். ஆகவே மனைவிக்கு எழுதும் பொறுப்பு அவருடையது. ஒரு வரியில் முடித்தார்: ‘ராணி. அந்தப்புரத்தை விட்டு வெளியே வரமாட்டாள்.’ அன்று ராணிக்கு வேலையே இல்லை. மச்சினன் அவருக்கு எழுதியது: ‘அரண்மனைச் சமையற்கட்டில் உப்பு நிறுப்பவன்.’ அதெல்லாம் அவருக்கு உறைக்கவில்லை. மனைவியின் இடப்பக்கம் கண்ணாடிக்கடைக்காரர் இருந்தார். அவருக்கு மனைவி நான்கு பக்கம் எழுதினாள் என்பதுதான் உறைத்தது. கடல் கடந்து வந்த தூதராம். அவர் சிரித்தால் அரண்மனைப் புறாக்கள் எழுந்து பறக்குமாம்.

வீடு வந்து சேருமட்டும் தராசு வாய் திறக்கவில்லை. கதவைச் சாத்தியதும் திறந்தார்.

“அதென்ன, அவன் சிரிச்சா புறா பறக்குமா?”

“கதைதானேங்க.”

“இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒரு வரி எழுதியிருக்கியா நீ?”

“மளிகை லிஸ்ட் எழுதிக் குடுத்திருக்கேனே.”

அன்றிலிருந்து அவருக்கு ஒரே லட்சியம். மனைவி தனக்கு எழுத வேண்டும். நான்கு பக்கத்துக்கு ஒரு வரிகூடக் குறையக்கூடாது.

அந்தக் கதை முடிந்து புதுக்கதை தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, ஃபேன் காற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்கிறது என்று முனகிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போய், மனைவிக்கும் கண்ணாடிக்கடைக்காரருக்கும் நடுவில் போட்டார். அந்த இடத்துக்கு நேர் மேலேதான் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது கண்ணாடிக்கடைக்காரர் அவருக்கு இடப்பக்கம். தராசு யோசிக்காமல் எழுதினார்: ‘குளத்துத் தவளை. பேச்சு வராது.’

மனைவி எழுதி நீட்டிய தாள்கள் ஐந்து. தராசு எண்ணிப் பார்த்துப் பூரித்தார். பாத்திரத்தின் பெயர் காட்டரசர். கூட வருகிறவர்களின் நடைக்கு ஏற்றபடி நடப்பார். தெரியாததைத் தெரியாது என்பார். ஒரு கேள்வி கேட்டால், பதில் வந்து முடியும்வரை காத்திருப்பார்.

“இவ்வளவுதானா? ஒரு சண்டை கிண்டை இல்லையா?” என்றார் தராசு.

“பேசிப் பாருங்க” என்றாள் மனைவி.

பேசிப் பார்த்தார். முதல் வரியில் தடுமாறினார். பிறகு, அவருக்கே தெரியாமல், அடியில் எங்கோ கிடந்த ஒரு குரல் எழுந்து வந்தது. காட்டரசர் மேகம் வாசிக்கத் தெரிந்த ராணியிடம் (மனைவிக்கு இம்முறை எழுதியது அவள் தம்பி), “உங்களுக்கு இன்று எந்த மேகம் பிடித்தது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ராணி சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தராசு கடைசியாகக் கேட்டது கல்யாணமான வருஷத்தில்.

அன்று வீட்டுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார், மனைவிக்குப் பத்தடி முன்னால்.

வினை செவ்வாய்க்கிழமை வந்தது. மின்சாரம் போனதற்கு அவர் வழக்கம்போல் கத்த, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமல், “காட்டரசரா இருந்தா இப்படிக் கத்தமாட்டார்” என்றாள்.

தராசுக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிறு அவள் புதுப் புடவையை இஸ்திரி போட்டாள்.

“யாருக்காக இது?”

“இன்னிக்குக் காட்டரசர் ராணியை அருவிக்குக் கூட்டிட்டுப் போறார்ல?”

அவள் குளிக்கப்போன நேரம், அவளுடைய விளையாட்டுக் குறிப்பு நோட்டைப் புரட்டினார். ‘அவர் குரல் எவ்வளவு இதம்!’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள். யார் குரல்? தொண்டை யாருடையது? எவனோ ஒருத்தன் தன் தொண்டையில் குடியேறி, தன் நாக்கால் தன் மனைவியிடமே கொஞ்சிக்கொண்டிருக்கிறான். பல் டாக்டராவது வேறு வீட்டில் சாப்பிடுகிறவர். இந்தக் காட்டரசனுக்குச் சாப்பாடும் தன் வயிற்றில்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவர்களின் வரலாற்றில் தராசுக்கு நிச்சயம் ஓர் அத்தியாயம் உண்டு.

தீர்த்துக்கட்டிவிடுவது என்று முடிவு செய்தார்.

“காட்டரசர் கிணத்துல குதிக்கிறார்” என்று மேஜையில் அறிவித்தார். அருவிக்குப் போகும் வழி அது. ராணி திடுக்கிட்டாள். அம்மாள் பகடையை நீட்டினார். ஆறு விழுந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லை. மெத்தை மாதிரி சருகு.

“சரி, விஷம் குடிக்கிறார்.”

மறுபடி ஆறு. குப்பியில் இருந்தது தேன்.

“சிங்கம் வருது!”

ஐந்து. சிங்கம் வந்து காட்டரசரின் காலை நக்கிவிட்டுப் போயிற்று. கண்ணாடிக்கடைக்காரர் அனுதாபத்தோடு ஒரு தடவை தவளைக் குரல் கொடுத்தார்.

“மாமா, வீட்டுக்குப் போகணும்னா சொல்லுங்க. ஏன் அந்த மனுஷனைப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?” என்றான் மச்சினன்.

“எனக்கு அவனைப் பிடிக்கலை. அவ்வளவுதான்.”

“எழுதினவங்க சம்மதிச்சா பகடை இல்லாமலே முடிச்சிடலாம்” என்று அம்மாள் மனைவியைப் பார்த்தார்.

மனைவி ஐந்து தாள்களையும் இழுத்து, ஓரம் தட்டி அடுக்கினாள்.

“சாக வேண்டாங்க. உங்களுக்குப் பிடிக்கலைன்னா விட்டுடுங்க. கண்ணாடிக்கடைக்காரர் பேசட்டும். பாவம், அவரும் எத்தனை வாரம்தான் தவளையாவே கத்துவார்?”

“பேசலாமே” என்றார் கண்ணாடிக்கடைக்காரர், மனிதக் குரலில். கையையும் நீட்டினார்.

தராசு அந்தக் கையைப் பார்த்தார். அந்தக் கேசத்தைப் பார்த்தார். அருவி இன்னும் கால் மைல் இருந்தது. வெடுக்கென்று தாள்களைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

“கிணத்துல குதிச்சதெல்லாம் கனவு. இப்பதான் முழிச்சார்” என்றார். தொண்டையைச் செருமி, குரலை இறக்கினார். “ராணி, மெதுவாக நடப்போம். வழியில் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ சொல்லுங்கள்.”

அந்தக் குரல் தளர்ந்தால் தாள் கைமாறிவிடும் என்ற பயம் அவரை விடவில்லை. தளராமலிருக்கப் பழக்கம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதாது. புதன்கிழமை மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனைவியிடம், “இன்னிக்கு எப்படிப் போச்சு?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அவள் வந்து நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். அவர் காத்திருந்தார்.

அவளும் எதிரே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். எக்ஸ்ரே மெஷின் நின்றுபோனது, ஒரு கிழவர் பல்செட்டை மறந்து பஸ் ஏறியது, பிறகு புதிதாகச் சேர்ந்திருக்கும் சின்ன டாக்டர். “நல்லா சிரிக்கச் சிரிக்கப் பேசுறார்ங்க” என்றாள்.

தராசுக்கு அடிவயிற்றில் நெருப்பு பற்றியது. வயசென்ன, கல்யாணமாகிவிட்டதா, தலையில் முடி எவ்வளவு என்று முப்பது கேள்விகள் நாக்கு நுனிவரை வந்து முட்டின. நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார்.

“அப்புறம்?” என்றார், காட்டரசரின் குரலில்.