சௌந்தரி மூடிய பேனா

எம்.ரெட்டியபட்டியில் களையெடுக்கும் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கதை சொல்பவளை நிரையின் நடுவில் விடுவார்கள். அவள் குரல் இரண்டு ஓரத்துக்கும் எட்ட வேண்டும். சொல்கிற வேகத்தில் அவள் கை நின்றுபோனால், வலப்பக்கத்துக்காரி பாதியும் இடப்பக்கத்துக்காரி பாதியுமாக அவளுடைய களையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். இன்று உன் காடு, நாளை என் காடு என்று மாறி மாறிப் போன அந்த நிரைகளில், காளீஸ்வரி நாலு வருடம் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

கதை அவளுடையதல்ல. இரவு எட்டரைக்கு வரும் ‘வைரத்தோடு’ தொடர். இலவச டிவி வருவதற்கு முந்தின காலம். தெருவிலேயே கேபிள் இழுத்திருந்தது அவள் வீட்டில் மட்டும்தான். வாசலில் மாமனார் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பார் என்பதால் மற்ற பெண்கள் உள்ளே வரக் கூச்சப்பட்டார்கள். அவர்களுக்குத் தொடர் என்பது மறுநாள் காளீஸ்வரியின் வாயிலிருந்து வருவதுதான்.

தெருவில் ஒருத்தியைப் பற்றிப் பேசினால் சாயங்காலத்துக்குள் சண்டை வந்துவிடும். தொடரின் நாயகி சௌந்தரியைப் பற்றி என்ன பேசினாலும் யாரும் மயிரைப் பிடிக்க வரமாட்டார்கள். சௌந்தரியின் மாமியாரைத் திட்டுகிற சாக்கில் தன் மாமியாரைத் திட்டலாம். அவள் புருசன் குடித்துவிட்டு வந்தால், “எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு” என்று ஆரம்பிக்கலாம். கதை பத்து நிமிடம்தான். மிச்ச நேரமெல்லாம் அவரவர் கதை.

அப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை, அப்பா விட்டுப்போன சொத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அண்ணன்மார் நீட்டிய விடுதலைப் பத்திரத்தின் முன்னால் சௌந்தரி பேனாவைத் திறந்தாள். அத்தோடு ‘தொடரும்’ போட்டுவிட்டார்கள். மறுநாள் விழுந்த இடியில் காளீஸ்வரி வீட்டு டிவி கருகிவிட்டது. அவள் புருசன் வெள்ளத்துரை அதைப் போர்வையில் சுற்றி, முதல் பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனார். பதினோரு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை நிரை போட்டதும் முதல் குரல் மூக்கம்மாளுடையது.

“மதினி, கையெழுத்துப் போட்டாளா, இல்லையா?”

டிவி கெட்டுவிட்டது என்று சொல்லத்தான் காளீஸ்வரி வாயைத் திறந்தாள். கல்யாணமான மறுவருடமே ஒரு பட்டுச்சேலைக்கு அதே மாதிரிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தவள் அவள். வாயில் வந்தது வேறு.

“போடல. பேனாவ மூடி வச்சுட்டா. ‘எங்கப்பா எனக்கும் அப்பாதானண்ணே’ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டா.”

நிரையே நின்றுவிட்டது. அதன்பின் பதினோரு நாளும் சௌந்தரி அவள் சொன்னபடி நடந்தாள். டிவி திரும்பி வந்தபோது தொடர் வேறு எங்கோ, மகளுடைய நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, திருச்சுழி பத்திர ஆபீசில் மூக்கம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள் என்று ஊருக்குள் பேச்சு வந்தது. அவள் பிறந்த ஊரான பரளச்சியில் பஞ்சாயத்துப் பேசி அவளுக்கு இரண்டு ஏக்கர் வந்தது. அந்தப் புஞ்சைதான் மகளை நர்ஸு படிக்க வைத்தது. ஆனால் அண்ணன் மருதுபாண்டி பேச்சை நிறுத்திவிட்டான். ஆத்தா செத்ததற்குக்கூட மூக்கம்மாள் அண்ணன் வீட்டுக்குள் போக முடியாமல், பக்கத்து வீட்டு வாசலில் நின்று அழுதுவிட்டுத் திரும்பினாள். அன்று அவளோடு கூடப் போயிருந்த காளீஸ்வரிக்குப் பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை.

பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. இப்போது அந்தத் தொடரை முதலிலிருந்து செல்லில் போடுகிறார்கள். நூறு நாள் வேலையில், கண்மாய்க்கரைக் கருவேல நிழலில், மதியச் சாப்பாட்டு வேளைக்குப் பணித்தளப் பொறுப்பாளர் பிரவீணா தன் செல்லைத் தூக்குவாளியில் சாத்தி வைப்பாள். பத்துப் பேர் கழுத்தை நீட்டுவார்கள். எல்லோர் வீட்டிலும் டிவி இருக்கிறது, வேறு தொடர்களும் ஓடுகின்றன. இருந்தாலும் இதற்கென்று ஒரு மரியாதை. “எங்க சௌந்தரிய மொத மொதப் பாக்கோம்” என்றாள் பிச்சையம்மாள். “இம்புட்டு ஒல்லியா இருப்பான்னு நீ சொல்லவே இல்லையே காளீசு!”

பத்திரக் கட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. செல் கெட்டுப்போகாதா என்றுகூடக் காளீஸ்வரி நினைத்தாள்.

கெடவில்லை. ஒரு புதன்கிழமை, சௌந்தரி பேனாவைத் திறந்தாள். கண்ணீரைத் துடைத்தாள். கையெழுத்துப் போட்டாள். அண்ணன்மார் சேலை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள்.

“என்னத்தா இது?” என்றாள் பிச்சையம்மாள். “பேனாவ மூடுனான்னுல்ல சொன்ன?”

மூக்கம்மாள் செல்லைப் பார்க்கவில்லை. காளீஸ்வரியைப் பார்த்தாள்.

“நானாச் சொன்னதுதான்” என்றாள் காளீஸ்வரி. “டிவி ரிப்பேருக்குப் போயிருந்துச்சு.”

“அப்ப அந்தப் பதினஞ்சு நாளும்?” என்றாள் பிச்சையம்மாள்.

“பதினோரு நாளு.”

“எங்காத்தா மொகத்தக்கூட நான் பாக்கல மதினி.” மூக்கம்மாள் சத்தம் போடவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு, வருகை போடாமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

வியாழனும் வெள்ளியும் அவள் வரவில்லை. காளீஸ்வரி வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுத் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பினாள். என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்டால் அந்த இரண்டு ஏக்கரும் தப்பு என்று ஆகிவிடும். கேட்காவிட்டால் ஆத்தா முகம் இருக்கிறது.

திங்கட்கிழமை மூக்கம்மாள் வந்தாள். யாரோடும் பேசாமல் மண் அள்ளினாள். மதியம் பிரவீணா செல்லைச் சாத்தியதும், “அத அமத்துத்தா” என்றாள். பிறகு காளீஸ்வரிக்கு எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“அந்தக் கையெழுத்துப் போட்டவ கத எனக்கு வேண்டாம். ஒன் சௌந்தரிக்கு அப்பறம் என்ன ஆச்சு?”

“அப்பறம்னா?”

“பேனாவ மூடிட்டு வந்தாள்ல. அண்ணன் வீட்டுக்குத் திரும்பப் போனாளா, இல்லையா? டிவி வந்ததும் நீ பாட்டுக்கு அவள நடுக்காட்டுல விட்டுட்டுப் போயிட்ட. நான் இன்னும் அங்கனதான் நிக்கேன்.”

காளீஸ்வரி கையிலிருந்த சோற்று உருண்டையை வாளியில் போட்டாள். போன தடவை யோசிக்காமல் சொன்னாள். இந்தத் தடவை, தான் சொல்வது நாளைக்கு மூக்கம்மாளோடு பரளச்சி பஸ்ஸில் ஏறும் என்று தெரிந்துதான் சொல்ல வேண்டும்.

கையைக் கழுவினாள். நேரம் எடுத்துக்கொண்டு துடைத்தாள்.

“மொதல்ல போறப்ப அண்ணங்காரன் கதவத் தெறக்கல” என்றாள். “அவ திரும்பி வரல. வாசல்லயே ஒக்காந்துட்டா.”

“எம்புட்டு நேரம்?” என்றாள் மூக்கம்மாள்.