அக்காவின் வாயசைப்பு

என் அக்காவுக்கு முகம் முழுக்க அம்மைத் தழும்பு. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு கடிதமும் வந்ததில்லை. அதற்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவளுக்குப் பாட்டு இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது.

மந்தைவெளியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் மயிலாப்பூர், தி. நகர் பக்கம் கல்யாண ரிசப்ஷன் என்றால் மெல்லிசைக் கச்சேரி இல்லாமல் நடக்காது. கோயில் திருவிழா என்றால் தெருவை அடைத்து மேடை போடுவார்கள். அவள் பாடியது சினிமாப் பாட்டுத்தான். ஆனால் படத்தில் அதற்கு வாயசைத்த நடிகை யார் என்ற நினைப்பே வராது. கூட்டத்திலிருந்து இன்ன பாட்டு வேண்டும் என்று துண்டுச் சீட்டு வரும். "அந்த அக்காவே பாடட்டும்" என்று அடியில் எழுதியிருப்பார்கள். மேடைக்குக் கீழே நிற்கிறவர்களுக்குத் தழும்பு தெரியாது. தெரிந்தால்தான் என்ன? பாதிப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு கடலை தின்றபடிதான் கேட்டார்கள்.

அப்புறம் மெட்ராசுக்கு டி.வி. வந்தது.

எங்கள் தெருவில் முதலில் வாங்கியவர் எங்கள் வீட்டுக்கார மாமி. மரக்கதவு வைத்த, நாலு காலில் நிற்கும் பெட்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சினிமாப் பாட்டுப் போடுவார்கள். அன்றைக்குக் கபாலி கோயிலுக்குப் போனவர்கள்கூடப் பிராகாரத்தை ஓட்டமாய்ச் சுற்றிவிட்டு மாமி வீட்டுக் கூடத்தில் வந்து இடம் பிடிப்பார்கள். அதுவரை ஒரு பாட்டைத் தியேட்டரில் ஒரு தடவை பார்ப்போம், மற்றபடி ரேடியோதான். இப்போது பாட்டு வாராவாரம் முகத்தோடு வந்தது. பாடியவர் பேரால் சொல்லிக்கொண்டிருந்த பாட்டை ஆடியவர் பேரால் சொல்லத் தொடங்கினார்கள்.

டி.வி.யில் மெல்லிசை பாட ஆள் எடுத்தார்கள். அக்கா குரல் சோதனைக்குப் போய்த் தேறிவிட்டாள். வீட்டில் பாயசம். "இனிமே மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தானா தேடிட்டு வருவாங்க" என்றாள் அம்மா.

பாட்டை முதலிலேயே பதிவு செய்துகொண்டார்கள். மறுநாள் அதை ஓடவிட்டு, காமிரா முன்னால் உதட்டை மட்டும் அசைக்கச் சொன்னார்கள். அக்காவுக்கு அது வரவில்லை. ஒரு தடவை பாடியதுபோல் மறு தடவை பாடுகிறவள் இல்லை அவள். இழுக்கத் தோன்றினால் இழுப்பாள், நிறுத்தத் தோன்றினால் நிறுத்துவாள். நேற்று எங்கே மூச்சு விட்டோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஸ்பீக்கரில் முன்னால் ஓடிய தன் குரலைப் பின்னாலேயே துரத்திக்கொண்டு ஓடினேன் என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

ஒளிபரப்பான அன்று மாமி வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பெட்டிக்குள் அக்கா சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி பவுடர் பூசிக்கொண்டு நின்றாள். உதடு ஒரு பக்கம் போனது, பாட்டு ஒரு பக்கம் போனது.

பாட்டு முடிந்ததும், வாசற்படியில் நின்று பார்த்த பால்காரம்மா, "இன்னா கொரலு! யாரு பாடுனது? உங்கக்கா சும்மா வாய தொறந்து மூடிகினு கீது" என்றாள்.

"அதைத்தான் நானும் பார்த்துண்டே இருந்தேன். பின்னணி யாருன்னு கடைசி வரைக்கும் போடவே இல்லை" என்றார் மாமி.

திரையில் ஒருத்தி பாடினால் குரல் இன்னொருத்தியுடையது என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அக்கா கச்சேரியில் பாடுகிறவள்தானே என்று நான் சண்டைக்குப் போனேன். "கச்சேரி வேற, டி.வி. வேற. அங்க பெரிய ஆளாப் பார்த்துத்தான் பாடச் சொல்லுவா" என்று மாமி முடித்துவிட்டார். தூணோரம் உட்கார்ந்திருந்த அக்கா, "நான்தான் மாமி பாடினேன்" என்றாள். மாமி சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கிக் குளத்தில் போட்டிருப்பேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தி. நகர் ரிசப்ஷன் ஒன்றில் ஒரு சீட்டு வந்தது. "டி.வி.யில் வாயசைத்தவர் வேண்டாம். நிஜமாகப் பாடுகிறவரைப் பாடச் சொல்லவும்." குழு நடத்திய அண்ணன் அதைச் சட்டைப் பையில் போடப் பார்த்தார். அக்கா கைநீட்டி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அடுத்த பாட்டைப் பாடினாள். அப்படி அவள் பாடி நான் கேட்டதே இல்லை. முன்வரிசை முழுக்க அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு அந்த அண்ணன் வீட்டுக்கு வந்தார். செக்கச்செவேல் என்று ஒரு பெண்ணைக் குழுவில் சேர்த்திருக்கிறாராம். கல்யாண வீட்டுக்காரர்கள் டி.வி. மாதிரி வேண்டும் என்கிறார்களாம்.

"கோச்சுக்காதம்மா. அவ முன்னாடி நிக்கட்டும். நீ படுதாவுக்குப் பின்னாடி ஒக்காந்து பாடு. கொரலு ஒன்னுதுதானே?"

மாட்டேன் என்றால் மைக்கே கிடையாது. அக்கா சரி என்றாள்.

அந்தப் பெண் கெட்டவள் இல்லை, அதையும் சொல்லவேண்டும். அக்கா காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மேடையேறுவாள். கைதட்டல், ஆட்டோகிராப் எல்லாம் அவளுக்கு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். படுதாவுக்குப் பின்னால் அக்கா மாறிக்கொண்டே போனாள். தான் இழுத்தால் முன்னால் நிற்கிறவளுக்குத் தப்பிவிடுமே என்று ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பாடினாள். மூச்சு விடும் இடம்கூட மாறாது. ஒரே மாதிரி பாடினால் யாரும் கற்றுக்கொள்ளலாம். அந்தப் பெண்ணும் கற்றுக்கொண்டாள். சுமாராகத்தான் பாடினாள், ஆனால் அது போதும் என்று ஆகிவிட்டது. அக்காவுக்குச் சொல்லியனுப்புவது நின்றது. வீட்டில் அவள் பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுப்பதும் நின்றது.

ஒரு சாயங்காலம் மாமி வீட்டு டி.வி.யில் அந்தப் பெண் வந்தாள். உதடும் பாட்டும் ஒட்டிக்கொண்டு போயின.

"பேஷ், இவ சொந்தக் குரல்தான். பார்த்தாலே தெரியறதே" என்றார் மாமி.

அவள் மூச்சு விட்ட இடமெல்லாம் என் அக்கா மூச்சு விட்ட இடம். திரும்பிப் பார்த்தேன். தூணோரம் உட்கார்ந்திருந்த அக்காவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. பெட்டியில் போகிற பாட்டோடு ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.