எனக்கு வரவேண்டிய ஐந்து நிமிஷம்

பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவனை வீட்டுக்குப் போகும் நேரத்தில் எல்லோருக்கும் பிடிக்கும். பரீட்சை நாளில் ஒருவருக்கும் பிடிக்காது.

எனக்கு முதலில் கெடுதல் செய்தவர் பெயரை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோதண்டபாணி வாத்தியார். எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சையில், இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கும்போதே என் சரித்திரப் பேப்பரைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அவருக்குத் தவளக்குப்பம் பஸ்ஸைப் பிடிக்கவேண்டுமாம். நான் பெயில். மில்லில் வேலை பார்த்த அப்பா, போதும் வா என்று படிப்பை நிறுத்திவிட்டார். கட்டுரை முடிவதற்குள் நேரம் முடிந்துபோன என் இனத்தாரே, இது உங்களுக்குத்தான்.

எழுபதுகளில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பியூனாகச் சேர்ந்தேன். பரீட்சைக்குத் தண்ணீர் கொடுப்பது, விடைத்தாள் கட்ட நூல் கொடுப்பது, வராந்தாவில் தொங்கும் தண்டவாளத் துண்டில் அரை மணிக்கு ஒரு தட்டு தட்டுவது, ஒரு மணிக்குக் கடைசி மணி அடிப்பது எல்லாம் நான்தான். சரியாக ஒரு மணிக்கு மில் சங்கும் ஊதும். ஆபீஸ் கடிகாரம் வாரத்துக்கு இரண்டு நிமிஷம் முந்தி ஓடும். திங்கட்கிழமைதோறும் சங்கைக் கேட்டு முள்ளைத் திருப்பி வைப்பேன்.

கடற்கரை

குப்பத்துப் பையன் ஒருவன். சரித்திரப் பரீட்சையில் இந்தியா படம் போட்டு நாலு ஊரைக் குறிக்கவேண்டும். பத்து நிமிஷ வேலை. இவன் முக்கால் மணி நேரம் கிழக்குக் கரையையே போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு வாய், ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு நெளிவு. ரப்பர் தேய்த்துத் தேய்த்து ஒரு இடத்தில் தாளே ஓட்டையாகிவிட்டது.

கடைசி மணி அடித்தபோது அவன் இந்தியாவுக்கு மேற்குப் பக்கம் கரையே இல்லை. கட்டுரைகளில் ஒன்றைத் தொடவே இல்லை. ஏண்டா இப்படிச் செய்தாய் என்றேன். "கடலோரம் பொறந்துட்டு கரையைத் தப்பா போடலாமாண்ணே?" என்றான்.

ஒரே பக்கம்

லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸிலிருந்து வரும் பெண், குமாஸ்தா மகள். முத்துக் கோத்த மாதிரி எழுத்து. ஒரு வார்த்தை தப்பினால் அடித்துவிட்டு மேலே எழுதமாட்டாள். தாளையே ஒதுக்கிவிட்டுப் புதுத்தாள் வாங்குவாள். ஒருமுறை முதல் பக்கத்தை மூன்று தரம் எழுதினாள். பிரெஞ்சுப் புரட்சி வெடிக்கும் முன்னே ஒரு மணி நேரம் போய்விட்டது. நூல் கொடுக்கப் போனபோது, அடித்துவிட்டே எழுதக்கூடாதா அம்மா என்று கேட்டேன். "அடிச்சுக் குடுத்தா அது என் பேப்பர் மாதிரியே இல்லண்ணே."

செத்துப்போன ராஜாக்கள்

தினமும் பாகூர் பஸ்ஸில் வரும் விவசாய வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். கோழி கிளறின எழுத்து. ஆனால் சரித்திரத்தில் அவன் பெயிலானதே கிடையாது. கவனித்துப் பார்த்தேன். நான் ஒரு தட்டு தட்டியதும், பாதி வரியில் இருந்தாலும் பேனாவை எடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். இடையில் நாலு வரிக்கு இடம் விட்டிருப்பான்; நேரம் மிஞ்சினால் திரும்பி வருவான்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று விசாரித்தேன். பையன்கள் கேலிக்கு என்னைப் பிரெஞ்சுக்காரத் துரையைக் கூப்பிடுகிற மாதிரி முசே என்று கூப்பிடுவார்கள், அவனும் அப்படியே கூப்பிட்டுச் சொன்னான்: "நீங்க ஒரு தட்டு தட்டினா என் ராஜா செத்துட்டாரு முசே. அழுதுகினு நின்னா அடுத்த ராஜாவை யாரு பாக்கறது?"

வாத்தியார் வந்தார்

எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு திங்கட்கிழமை, பொதுப் பரீட்சைக்கு வெளிப் பள்ளியிலிருந்து ஒரு சூப்பர்வைசர் வந்தார். ரிட்டயராகப் போகிற வயது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, கோதண்டபாணி. கடைசி மணி அடித்த கையோடு நேரே போய் நின்றேன். இருபத்தைந்து வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைக் கேட்டேன். "சார், எனக்கு ஏன் அந்த அஞ்சு நிமிஷம் குடுக்கல?"

மறந்திருப்பார் என்று நினைத்தேன். மறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சிரித்தார். "நீயாப்பா அது? நாலு கேள்விக்கு நாலு பக்கமும் அசோகர் நட்ட மரமா எழுதி வெச்சிருந்த. அஞ்சு நிமிஷம் குடுத்திருந்தா அஞ்சாம் பக்கத்துலயும் மரம்தான் நட்டிருப்ப."

சங்கு

அந்தக் கோபத்தில் நின்றுகொண்டிருந்தபோது சங்கு ஊதியது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. கடிகார முள்ளைத் திருப்பி வைக்கவில்லை. மறுநாள் சரித்திரப் பரீட்சை. நெல்லித்தோப்பில் எனக்குப் பக்கத்து வீட்டு ஏகாம்பரம் அதை எழுத வந்திருந்தான். முப்பது வயது, மில்லில் நூற்புப் பகுதி. பஞ்சுத் தூசியை விட்டு வெளியே வா என்று டாக்டர் சொல்லிவிட்டார். மில் ஆபீஸில் எழுத்து வேலை தயாராக இருந்தது, பத்தாவது பாஸ் என்றால். மற்றதெல்லாம் முன்பே பாஸ். சரித்திரம் ஒன்றுதான் பாக்கி. ராஜாவைச் சாகவிடு என்று நானே அவனுக்குச் சொல்லியிருந்தேன். சிரித்தான். ஆனால் முதல் கட்டுரையிலேயே ஒரு மணி நேரம் இருந்துவிட்டான்.

கடிகாரத்தில் ஒரு மணி ஆகிறது. கம்பியை ஓங்கினேன். ஜன்னலோரம் இருந்த ஏகாம்பரம் என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினான். இரண்டு நிமிஷம். எனக்கு யார் கொடுத்தார்கள் என்று நினைத்தேன். அடித்தேன். பேப்பரை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும்போது மில் சங்கு ஊதியது. அப்போதாவது சூப்பர்வைசரிடம் போய், தப்பு என்னுடையது, அவன் பேப்பரைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

மூன்று மார்க்கில் போயிற்று அவனுக்கு. பிறகு எழுதவே இல்லை. இன்றைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கிறது. அன்று வராந்தாவில் பேனாவை மூடிக்கொண்டு வந்தவனுக்கும் சங்கு கேட்டிருந்தது. அதே சங்குக்குப் பத்து வருஷம் வேலைக்கு ஓடியவன். திட்டுவான் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "சங்கு இப்பத்தான் மாமா ஊதுது. சரி வுடு, மொதக் கட்டுரை நல்லா வந்துருக்கு."

கோதண்டபாணி வாத்தியார் எனக்குத் தரவேண்டிய ஐந்து நிமிஷம் இன்னும் வந்து சேரவில்லை. அது அன்றைக்குக் கையில் இருந்திருந்தால், இரண்டை ஏகாம்பரத்துக்குக் கொடுத்தது போக மீதி மூன்றில் இன்னும் கொஞ்சம் மரம் நட்டிருப்பேன்.