கேணிக்குள் இத்தாலிக் குளிர்

யாழ்ப்பாணத்திலேயே இத்தாலிப் பாஷையைக் கரைத்துக் குடித்தவன் என் தம்பி ஏரம்புதான் என்று நான் புளுகுவதுண்டு. உண்மையில் அவனுக்குத் தெரிந்தவை குளிர்காலச் சொற்கள் மட்டுமே.

எழுபதுகளில் இத்தாலிக் கப்பலொன்றில் வேலை செய்துவிட்டு வந்த கதிரவேலு, "டெக்கிலை உறையிற ஐஸைக் கொத்த ஒராள் வேணுமாம். அவங்கடை சொல்லும் தெரியவேணும், குளிரும் தாங்கவேணும்" என்றான். கப்பலேறும் ஆசையில் ஏரம்பு மார்கழி விடியலில் கீரிமலைக் கேணிக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்றான். கதிரவேலு படியில் உட்கார்ந்து கேட்டான்.

"வானத்தாலை விழுற பனி?"

"நேவே."

"ஐஸ்?"

"கியா... கியா..."

"காகம் மாதிரிக் கத்தாதையடா!" என்று கதிரவேலு அவன் தலையைக் காலால் அமிழ்த்தினான். "கியாச்சோ" என்று பல் கிடுகிடுக்கச் சொல்லும்வரை விடவில்லை. குளிக்க வந்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

கடைசியில் ஏரம்புவுக்கு நெஞ்சில் சளி கட்டி, கப்பல் டாக்குத்தர் அவனைக் கழித்துவிட்டார்.

இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டியபோது, பக்கத்தில் இருந்த ஏரம்புவின் மனைவி குணலட்சுமி குறுக்கிட்டாள்.

"புளுகாதேங்கோ மச்சாள். இவர் டாக்குத்தரிட்டைப் போகவேயில்லை. கதிரவேலு அந்த வேலையைத் தன்ரை தம்பிக்கு முதலே எடுத்துக் குடுத்திட்டான். பிறகு சும்மா பம்பலடிச்சுச் சிரிக்கத்தான் இவரைத் தண்ணிக்குள்ளை நிப்பாட்டினவன்."