சுவருக்கு அப்பால் ஐந்தடி

கார்காலம் முதிர்ந்து, வானம் தன் துயரை மெல்ல மெல்ல இறக்கிவைக்கும் நாள்கள் அவை. ஓடுகள் கறுத்துக் கிடந்தன. பகலிலேயே ஒளி மங்கி, காற்று மூச்சடக்கி நின்றது. நம்பினாலும் நம்பாவிட்டாலும், அப்படியொரு பிற்பகலில் நடந்தது, நடந்தபடியே இது.

நகரை ஒட்டிய பழந்தெருவில் தாத்தா கட்டிய வீடு. அதை இடித்து விற்கத் துடித்தான் தம்பி. கட்டடக் கலைஞரான அக்காவோ பாரம்பரியக் கட்டடமாகப் பதிவுசெய்ய அளவெடுத்துக்கொண்டிருந்தாள். வளைவு வாசல்கள், தேக்கு உத்தரங்கள், கண்ணாடிபோல் மினுங்கும் சுண்ணச் சுவர்கள். அப்பா உயிராய்ப் போற்றிய வீடு.

"கோயிலே கட்டிடுவே போல," என்றான் தம்பி, அளவு நாடாவின் நுனியைப் பிடித்தபடி.

"வாயை மூடிட்டு நேரா பிடிடா."

அறைக்கு அறை இதே வழக்கம்தான். அவன் நுனியை எதிர்ச்சுவரில் வைத்ததும் அடையாளமாக ஒருமுறை வெட்டி இழுப்பான். அவள் அளவைப் படிப்பாள்.

கடைசி அறையில் ஒரே இருட்டு. அவன் முன்னரே உள்ளே போய்விட்டதாக எண்ணி, வாசலில் நின்றே இரும்பு நாடாவைத் தரையோடு தள்ளினாள்.

"வச்சிட்டியா?"

ஒரு வெட்டிழுப்பு.

பதினாறு அடி.

"அக்கா! குடையை எங்க வச்சே?"

தெருவிலிருந்து... தம்பியின் குரல்.

நாடா தளரவில்லை.

மெல்ல... மறுபடி... இழுத்தது.

அவள் நாடாவை விட்டுவிட்டாள்.

விளக்கோடு வந்து பார்த்தார்கள். யாருமில்லை. அறையின் நீளம் பதினோரு அடிதான். வெளியே அளந்தால் பதினாறு.

மறுநாள் சுவரைப் பெயர்த்தார்கள். பின்னால் ஐந்தடி இடம். சாளரம் இல்லை. எலும்புகள் இருந்தன.

வீட்டில் பாதிப் பங்கு கேட்ட அத்தை யாருடனோ ஓடிப்போனாள் என்பார் அப்பா. அந்த அறையைத் தம் கையாலேயே பழுதுபார்த்ததாகவும் பெருமையடிப்பார். பங்கு கேட்டவளுக்கு ஐந்தடி கிடைத்திருந்தது.

காவலர்கள் போனபின், அக்கா எஞ்சிய சுவரில் எலும்புகள் கிடந்த பக்கத்தைப் பார்த்தாள். செங்கல் இடுக்குகளில் பிதுங்கியிருந்த சாந்தில் விரல் தடங்கள். வரிக்கு வரி, மேல்வரைக்கும்.

காய்ந்த சாந்தில் தடம் விழாது.

"என்னக்கா?"

"இடிச்சிடுடா. ஒரு உத்தரத்தைக்கூட விடாதே."

செருப்பைக் கழற்றி வைத்தாள். அந்தத் தடங்களின்முன் மண்டியிட்டுக் கைகூப்பினாள்.

"இனிமேலாவது வானம் பார்த்து நல்லா இருங்க, அத்தை."